ஒற்றை நட்சத்திரம்

திருவொற்றியூரில் உட்கார்ந்து செயலி எழுதிப் பிழைக்கிறவன் நான். ரிவ்யூ பக்கத்தைத் திறந்தால் கண் முதலில் தேடுவது ஒற்றை நட்சத்திரத்தைத்தான். "நைஸ் ஆப்" என்று ஐந்து போடுகிறவருக்கு நன்றி. ஆனால் அதை வைத்து ஒன்றும் திருத்த முடியாது. எந்த போன், எந்த இடத்தில் நின்றுபோச்சு என்று திட்டிக்கொண்டே சொல்கிறார் பாருங்கள், அவர்தான் நம்ம ஆள்.

பிளே ஸ்டோரில் பதில் எழுத 350 எழுத்துதான். அதற்குள் மன்னிப்பும் கேட்டு, விவரமும் கேட்கணும்! 2019 முதல் புதிய மதிப்பீடுகளுக்கே எடை அதிகம் என்பதால் பழைய நல்ல பெயர் ரொம்ப நாள் காப்பாற்றாது.

ரிவ்யூவே எழுதாதவர்கள் என்றால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை நினைத்துக்கொள்வேன். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஃபிஷர் ஃப்ரெண்ட் செயலி, ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் கடல் தகவல் மையம் தரும் அலை உயரம், காற்று, மீன்வளப் பகுதி எல்லாம் மீனவர்களுக்குக் காட்டும். கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். நடுக்கடலில் சிக்னல் ஏது? அங்கே ஒரு குறை தெரிந்தால் கரைக்கு வந்துதான் எழுதணும். கரையில் ஏலம், ஐஸ், டீசல் கணக்கு. நட்சத்திரம் போட யாருக்கு நேரம்? டீக்கடையில் பக்கத்து போட்டுக்காரரிடம் சொல்வதோடு சரி.

இந்த மாதிரி செயலி எழுதுகிறவர்கள் டேஷ்போர்டைப் பார்ப்பதைவிட விடிகாலையில் ஏலக்கூடத்துக்குப் போய் நிற்கலாம்.