கேட்காமல் மந்திரித்தோம்

கடந்த சித்திரையில் ஒரு ஞாயிறு காலை, இரண்டாம் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அண்மையில் புதுநன்மை வாங்கிய சிறுமி ஒருத்தி, தந்தை பின்தொடர, பிரப்பங்கூடை ஒன்றை அணைத்தபடி வந்தாள். கூடைக்குள் பஞ்சுருண்டை போன்ற பாரசீகப் பூனைக்குட்டி. "சாமி, மந்திரிச்சுக் குடுங்க" என்றாள்.

சனவரி 17-ஆம் நாள், வனத்து அந்தோணியார் திருநாளன்று, ஆடுமாடுகளை மந்திரித்துப் பழகிய கை நமது. தீர்த்தம் தெளித்துச் செபித்தோம். தந்தை தையல் தொழிலாளி. இரண்டு மாத வீட்டு வாடகைக்கு ஈடான தொகையை அதற்குக் கொடுத்திருந்தார். "நல்ல காரியம், பிள்ளைக்கு இரக்கம் வளரும்" என்று பாராட்டி அனுப்பினோம். அதற்குமேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

ஆறாம் நாள் இரவு குட்டிக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு முந்திய இரவு அது. வைகையின் இரு கரைகளிலும் மக்கள் வெள்ளம், ஆட்டோ நகரவில்லை. தந்தையும் மகளும் கூடையைச் சுமந்து நடந்தே மருத்துவரிடம் சென்றனர். அவர் மூன்று கேள்விகள் கேட்டார்: குட்டிக்கு எத்தனை வாரம்? தாய்ப்பூனையைப் பார்த்தீர்களா? என்ன உண்ணக் கொடுக்கிறீர்கள்? முதல் இரண்டுக்கும் விடையில்லை. மூன்றாவதற்கு, "விற்றவர் பசும்பால் போதும் என்றார்" என்பதே விடை. பல்லைப் பார்த்த மருத்துவர், ஐந்து வாரத்துக்கு மேலிராது என்றார். பொழுது விடியுமுன் குட்டி இறந்தது.

மறுவாரம் ஞானோபதேச வகுப்பு முடிந்தபின் சிறுமி நம்மருகே வந்து நின்றாள். "அப்பா கேக்கலை. நீங்களும் கேக்கலையா, சாமி?" என்றாள். குற்றஞ்சாட்டும் குரல் அல்ல. அறிய விரும்பிய குரல். முப்பது ஆண்டுகளாகக் கேள்விகளுக்கு விடை சொல்லி வரும் நாம், அன்று தலைகுனிந்தோம்.

பிறகே கேட்டும் படித்தும் அறிந்துகொண்டோம். நம்மைப் போலவே பிறரும் தவறாதிருக்க அவற்றை இங்கே எழுதுகிறோம்.

குருமடத்தில் நாம் பயின்ற நாட்களில் சமையற்கட்டில் ஒரு நாட்டுப் பூனை இருந்தது. எலி பிடித்தது, மீன்தலை தின்றது, தன் உடலைத் தானே நக்கித் தூய்மை செய்துகொண்டது. பாரசீகப் பூனை அத்தகையதன்று. 1871-இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த பூனைக் கண்காட்சியிலேயே அது இடம்பெற்றது. அதன்பின் தலைமுறை தலைமுறையாக மனிதர் தம் கண்ணுக்கு அழகென்று தோன்றியதையே தேர்ந்து தேர்ந்து இணைசேர்த்ததால், உரோமம் நீண்டது, முகம் தட்டையாயிற்று. நாள்தோறும் சீவிவிடாவிட்டால் உரோமம் சடையாகித் தோலை இழுத்து வருத்தும். மூக்கு குறுகியதால் மூச்சு விடுவது கடினமாகிறது. கண்ணீர் செல்லும் வழி கோணி, நீர் முகத்தில் வழிகிறது. அதை அன்றாடம் துடைத்துவிட வேண்டும். நாற்பது பாகை செல்சியசை எட்டும் மதுரைக் கோடையில், தகரக் கூரையின்கீழ் அப்பிராணி படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். காற்றோட்டமான, குளிர்ந்த தரையுள்ள அறையேனும் அதற்கு வேண்டும். நாம் விரும்பிய அழகுக்கு அது விலை கொடுக்கிறது.

உணவிலும் தவறுகிறோம். பூனை இறைச்சியுண்ணும் படைப்பு. அதற்கு இன்றியமையாத டாரின் என்னும் சத்து மீனிலும் இறைச்சியிலும் உண்டு. அது இல்லாவிடில் நாளடைவில் கண்பார்வையும் இதயமும் கெடும். பால்சோறும் தயிர்ச்சோறும் மட்டும் போதா. பசும்பால் பல பூனைகளுக்குச் செரிப்பதுமில்லை. தவக்காலச் சுத்தபோசனம் நமக்கு உரியது. பூனைக்குத் திருச்சபை அதை விதிக்கவில்லை!

வாங்குமுன் கேட்கவேண்டியவை இன்னும் உண்டு. எட்டு வாரம் நிறையாத பூனைக்குட்டியைக் கடையில் விற்கலாகாதென 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் கூறுகின்றன. பன்னிரண்டு வாரம் தாயோடிருந்த குட்டியாயின் இன்னும் நன்று. தடுப்பூசி போட்ட சான்றினைக் கேளுங்கள். இவ்வினத்துக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகும் பரம்பரை நோய் உண்டு. பெற்ற பூனைகளில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வரக்கூடும். அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2004-இல் கண்டறியப்பட்டதால், இன்று சோதித்தறிய வழி உண்டு.

"பூனைக்கு இத்தனை செலவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளைத் தேவையின்றி வருத்துவதைக் கண்டிக்கிறது. மனிதத் துயர் துடைக்க வேண்டிய பணத்தை அவற்றின்மேல் செலவழிப்பதையும் கண்டிக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் கொள்ளும் குடும்பம், வாங்குவதா வேண்டாமா என்பதைத் தானே தீர்மானிக்கும். பேணிக் காக்க வசதியில்லையெனில் வாங்காதிருப்பதும் ஓர் இரக்கச் செயலே. கடன்பட்டு வாங்கிய குட்டியைப் பசும்பாலூற்றிக் கொல்வதிலோ இரக்கமுமில்லை, சிக்கனமுமில்லை.

ஆடி மாதத்தில் அத்தந்தை மீண்டும் வந்தார். மகளின் முகவாட்டம் பொறுக்காமல் இன்னொரு குட்டி வாங்கித்தர எண்ணியிருந்தார். நம் எண்ணத்தைக் கேட்டார். விடை சொல்ல நாம் வாய் திறக்குமுன், அருகில் நின்ற சிறுமி முந்திக்கொண்டாள்.

"வெயில் தணியட்டும்ப்பா. நாட்டுப் பூனையா இருந்தாலும் போதும். ஆனா முதல்ல தாய்ப்பூனையைப் பார்த்துட்டுத்தான் வாங்கணும்."

தந்தை நம்மைப் பார்த்தார். "பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்" என்றோம். மந்திரிக்கக் கொண்டுவரும் நாளில், இம்முறை நாம் முதலில் கேள்விகளைக் கேட்போம். தீர்த்தச் செம்பை அதன் பிறகே எடுப்போம்.