கோத்தா கினபாலு: கடல் பார்க்க நல்ல மாதம் எது?

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், என் வானொலி நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “சபாவுக்கு எப்போ போனா நல்லது?”

மழையை மட்டும் பார்த்தால் பதில் சுலபம். கோத்தா கினபாலு பக்கம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஆனால், அந்தக் கடலில் அவ்வப்போது வந்துபோகும் இன்னொரு விருந்தாளி உண்டு. ‘ரெட் டைட்’ என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்த நச்சுப் பாசி.

தனியாக இருந்தால் கண்ணுக்கே தெரியாத நுண்பாசி, சாதகமான சூழல் அமைந்தால் மளமளவென்று பெருகிவிடும். சபாவின் மேற்குக் கரையில் தொல்லை தருவது பைரோடினியம் என்ற வகை. மட்டி, சிப்பி போன்றவை கடல்நீரை வடிகட்டித் தின்பவை. அதனால் பாசியின் நஞ்சு அவற்றின் சதையில் சேர்ந்துவிடுகிறது. 1976-இல் இது முதன்முதலாகப் பதிவானபோது சபாவில் 202 பேர் பாதிக்கப்பட்டார்கள். 7 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியிலும் கோத்தா கினபாலு வட்டாரத்தில் உயிர்கள் போயின.

ஜனவரி என்பதைக் கவனியுங்கள். வருடக் கடைசி விடுமுறைக்குப் பலரும் பறக்கும் காலம் அது. வருட நடுவிலும் பாசி பெருகியதுண்டு. ஆகவே, இந்த மாதம் பத்திரம் என்று யாரும் எழுதித் தர முடியாது. மழையைப் பார்த்து டிக்கெட் எடுக்கலாம். சாப்பாட்டை அந்த வாரச் செய்தியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகளோடு மார்ச் மாதத்தில் ஒரு முறை போயிருந்தோம். ஜெசல்டன் பாயிண்டில் படகு ஏறினால் சுமார் இருபது நிமிடத்தில் மானுக்கான் தீவு. தண்ணீருக்கடியில் மீன்கள் ஓடுவது கரையிலிருந்தே தெரிந்தது. பிள்ளைகளை இறக்கலாமா என்று அக்காவுக்குத் தயக்கம். பைரோடினியத்தின் நஞ்சு நீந்துவதால் உடலில் ஏறாது, சாப்பிட்டால்தான் ஆபத்து. என்றாலும் தண்ணீர் நிறம் மாறியிருந்தால், துர்நாற்றம் அடித்தால் இறங்காதீர்கள். வேறு சில பாசிகள் தோலையும் கண்ணையும் உறுத்தும்.

மாலையில் கடலோர இரவுச் சந்தைக்குப் போனோம். எங்கள் அம்மா கெராங் சம்பல் என்றால் உயிரை விடுபவர். தட்டில் குவித்திருந்த மட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். எந்தக் கடலில் எடுத்தது என்று கேட்டேன். விற்பவருக்குத் தெரியவில்லை.

“நல்லா வேக வெச்சா எல்லாம் செத்துடுமே?” என்றார் அம்மா.

“பாசி செத்துடும்மா, விஷம் சாகாது.”

உண்மை அதுதான். கொதிக்க வைத்தாலும், உறைய வைத்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும் அந்த நஞ்சு போகாது. கடல் சிவக்காத நாளிலும் மட்டியில் அது இருக்கலாம். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சுட்ட மீன் வந்ததும் சமாதானம் ஆனார். செவுளும் குடலும் நீக்கி நன்றாகக் கழுவிய மீனைப் பயமின்றிச் சாப்பிடலாம். முழுதாகத் தின்னும் சின்ன மீனையும் கூனி இறாலையும் எச்சரிக்கை நேரத்தில் தவிருங்கள்.

புறப்படுவதற்கு முதல் வாரம் சபா மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். சோதனையில் 100 கிராம் மட்டிச் சதையில் 80 மைக்ரோகிராமுக்கு மேல் நஞ்சு இருந்தால் அது பாதுகாப்பு வரம்பைத் தாண்டியது என்று கணக்கு. எந்தெந்தப் பகுதி மட்டியை உண்ணக்கூடாது என்று துறை அறிவிக்கும். தங்கும் விடுதியிலும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மட்டி சாப்பிட்டபின் உதடும் நாக்கும் மரத்துப்போனால், விரல் நுனி கூசினால், ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்று படுக்காதீர்கள். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. மூச்சுத் தசைகளே செயலிழக்கலாம். ஆனால் நேரத்தோடு மருத்துவமனை சேர்ந்தால், செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்ற முடியும். சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அவர்களின் தட்டை முதலில் பாருங்கள்.