சம்சாரமும் சம்சாரியும்

வடமொழியில் சம்சாரம் என்றால் பிறப்பும் இறப்புமாகச் சுழலும் உலக வாழ்க்கை. தெலுங்கில் குடும்பம். மலையாளத்தில் பேச்சு. கல்லூரி விடுதியில் கேரளத்துத் தோழி ஒருத்தி 'சம்சாரிக்காமோ?' என்று கேட்டபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஏனென்றால் தமிழில் அது மனைவி. சம்சார சாகரத்தைக் கடந்துவிடு என்று துறவிகள் சொன்னார்கள். கடக்கச் சொன்ன அந்தக் கடலையே பெண்டாட்டிக்குப் பெயராக வைத்தது நம் ஆட்கள்தான்.

எங்கள் மாப்பிள்ளையூரணி தூத்துக்குடிக்கு வடக்கே, கடல் பக்கத்து ஊர். மேற்கே தள்ளி ஓட்டப்பிடாரம் பக்கம் போனால் கரிசல். அம்மா பிறந்தது அங்கே. அந்த மண்ணில் சம்சாரி என்றால் விவசாயி; கி. ராஜநாராயணன் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். சம்சாரம் வீட்டில், சம்சாரி காட்டில். இரண்டும் ஒரே வேர்.

இத்தனைக்கும் சம்சாரி என்ற சொல்லில் ஆண்பால் விகுதி எதுவும் இல்லை. வியாபாரி, அதிகாரி மாதிரி யாருக்கும் பொருந்தும். களை வெட்டுவது, பருத்தி எடுப்பது, மிளகாய்ப் பழம் பறிப்பது எல்லாம் பெண்கள். எங்கள் ஆச்சி எழுபது வயதுவரை காட்டுக்குப் போனாள். அவளைச் 'சம்சாரி வீட்டுப் பொம்பள' என்றார்களே தவிர, சம்சாரி என்று ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவரோடு அந்தச் சொல்லும் போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் 1989-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பங்கு என்றார்கள். அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமாகியிருந்தால் கிடையாது. அம்மாவுக்கு 1986-இல் கல்யாணம். 2005-இல் வந்த மத்திய அரசின் திருத்தம் கல்யாணத் தேதியைப் பார்க்கவில்லை. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. தாத்தாவும் மாமாக்களும் 1997-லேயே பத்திரம் பதிந்துவிட்டார்கள். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் அம்மா விழுந்துவிட்டாள்.

மாமாக்கள் நல்ல சம்சாரிகள், நல்ல மனிதர்களும்கூட. வருஷந்தோறும் உளுந்தும் வத்தலும் மூட்டை கட்டி அனுப்புவார்கள். அம்மா அதைப் பிரித்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கிண்ணத்தில் அள்ளிக் கொடுப்பாள். "எங்க காட்டு வத்தல்" என்று சொல்லித்தான் கொடுப்பாள்.