மீட்டர் சுத்திடுச்சு

போன செமஸ்டர் பிளேஸ்மென்ட்டில் எனக்கு ஒரு வேலை கைநழுவியது ஒரே ஒரு எண்ணால். 2147483647.

கோடிங் ரவுண்டில் கேள்வி ரொம்ப சிம்பிள். லிஸ்டில் இருக்கிற எண்களைக் கூட்டணும். ஜாவாவில் அஞ்சே நிமிஷத்தில் முடித்தேன். சாம்பிள் டெஸ்ட் கேஸ் எல்லாம் பச்சை, ஹிட்டன் கேஸில் பாதி சிவப்பு. ஏன்னு புரியறதுக்குள்ள டைம் முடிஞ்சிடுச்சு. ரூமுக்கு வந்து நூறு கோடியை மூணு தடவை கூட்டிப் பார்த்தேன். வந்த விடை -1294967296.

"லாங் போடலையா மச்சி?" என்றான் ரூம்மேட். 'இன்ட்' தாங்குகிற மிகப் பெரிய எண் 2147483647 என்று எனக்குத் தெரியும். ரெண்டு மார்க் கேள்விக்கு எழுதியிருக்கேன்.

அப்பா லாரி டிரைவர். ராத்திரி போன் பண்ணினார்.

"ஒரு அளவுக்கு மேல போனா எண்ணு சுத்திடும்ப்பா. உங்க கிலோமீட்டர் மீட்டர் மாதிரி."

"மீட்டரு 99999 தாண்டினா சைபருக்குத்தான கண்ணு வரும்? உனக்கெப்படி மைனஸ் வந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியலை. நாலாவது வருஷம், கம்ப்யூட்டர் சயின்ஸ்!

அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். இன்ட்டுக்கு 32 பிட். இடது ஓரத்து பிட் 1 என்றால் மைனஸ். மீதி 31 இடத்திலும் 1 நிரம்பினால் அதுதான் 2147483647. இன்னும் ஒன்று கூட்டினால் அந்த 31-ம் 0 ஆகி, மிச்ச 1 இடது ஓரத்தில் போய் உட்காரும். அது -2147483648. இந்த மீட்டர் சைபருக்குத் திரும்புவதில்லை, மைனஸின் அடிமட்டத்துக்குப் போகிறது.

இதே எண் ஒரு பகா எண்ணும் கூட. 1772-ல் ஆய்லர் நிரூபித்திருக்கிறார். அப்போது அவருக்குக் கண் பார்வை கிட்டத்தட்ட போயே போச்சு. வர்க்கமூலம் 46340-ஐத் தாண்டுது. அதுவரை வகுத்துப் பார்க்கணும். ஆனால் இதை வகுக்கிற பகா எண் எதுவானாலும் 62-ஆல் வகுத்தால் மீதி 1, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வந்தாகணும். ரெண்டும் பொருந்துகிற எண்கள் நானூறுகூட இல்லை. அதில் ஒன்றுகூட இதை மீதியில்லாமல் வகுக்கலை. நான் ஒரே ஒரு பெரிய எண்ணைப் போட்டுக்கூட டெஸ்ட் பண்ணலை.

மறுநாள் அப்பாவுக்கு எல்லாம் சொன்னேன்.

"அந்த எண்ணைத் தமிழ்ல சொல்லு."

திணறினேன். இங்கிலீஷ் மீடியம். இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அவரே சொன்னார்: "இருநூத்திப் பதினாலு கோடியே எழுபத்திநாலு லட்சத்தி எம்பத்திமூவாயிரத்தி அறுநூத்தி நாப்பத்தேழு. இதை எதாலயும் வகுக்க முடியாதா?"

"ஒண்ணாலயும் அதாலயும் மட்டும்தான்ப்பா."

"கண்ணு தெரியாதவரா கண்டுபிடிச்சாரு?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, அடுத்த கம்பெனி எப்ப வருது?"