எங்கள் வண்டியில் ஒரு சாட்சி

கண்டவர் சொல்லத் தயங்குவதும், காணாதவர் துணிந்து சொல்வதும் உலக வழக்கு. சாலையில் இரு வண்டிகள் உரசிக்கொண்ட இடத்தில் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். சாட்சி சொல்ல நாற்பது பேர் கூடுவர். காவல் நிலையம் வரை வாருங்கள் என்றால் நால்வரும் மிஞ்சார். இவ்வுண்மையை நாங்கள் பிறருடைய அனுபவத்தால் அன்று, எங்கள் சொந்தத் தவற்றினாலேயே கற்றுக்கொண்டோம்.

மதுரைப் புறவழிச் சாலையிலிருந்து துறைமுகத்தை நோக்கிச் செல்லும் வழியை நம் வாசகர் பலர் அறிவர். இருமருங்கும் உப்பளங்கள், நடுவே ஓயாது ஓடும் லாரிகள். 1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011-இல் வ.உ. சிதம்பரனாரின் பெயரையும் தாங்கியது. துறைமுகம் வளர வளர, கண்டெய்னரும் உப்பும் நிலக்கரியும் சுமந்த வண்டிகளும் பெருகின. அச்சாலையில், 2022-ஆம் ஆண்டு ஓர் அந்தி வேளையில், மகன் வண்டியை ஓட்ட, நாங்கள் இருவரும் பின்னிருக்கையில் அமர்ந்து வந்தோம். பெட்ரோல் நிலையத்தை நோக்கி இடப்பக்கம் திரும்பிய கணத்தில், லாரி ஒன்று எங்கள் கதவை நசுக்கி நின்றது.

இறங்கி வந்த ஓட்டுநர் இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத இளைஞர். "அண்ணாச்சி, சிக்னல் போடாமத் திரும்பிட்டீங்களே" என்றார். சிக்னல் போட்டேன் என்றான் மகன். பெற்றவர்கள் யாரை நம்புவர்? கூடியிருந்தவர்களும் எங்கள் பக்கமே பேசினர். பெரிய வண்டியே குற்றவாளி என்பது தெருவின் சட்டமன்றோ! லாரியின் முதலாளி ரூ. 9,000 கொடுத்து வழக்கை முடித்தார். அத்தொகை அந்த இளைஞரின் சம்பளத்திற் பிடிக்கப்படும் என்பது எங்கள் காதில் விழுந்தும் நெஞ்சில் விழவில்லை.

இரு வாரங்கள் கழித்து அதே பெட்ரோல் நிலையத்துக்குச் சென்றோம். அங்கிருந்த மேலாளர், விபத்து தம் நிலையத்துக் கேமராவிற் பதிவாகியிருப்பதாகக் கூறிப் படத்தை ஓட்டிக் காட்டினார். மூன்று முறை பார்த்தோம். எங்கள் வண்டியின் விளக்கு ஒருமுறையேனும் மினுக்கவில்லை. மகன் பொய் சொன்னானல்லன். போட்டதாகவே அவன் மனமார நம்பியிருந்தான். ஆயினும் தண்டம் கட்டியவர் வேறொருவர்.

பல நாள் விசாரித்து, லாரிகள் நிற்கும் இடத்துத் தேநீர்க் கடையொன்றில் அந்த இளைஞரைக் கண்டோம். பணத்தைக் கையில் வைத்து மன்னிப்பும் கேட்டோம். அவர் பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. "பணம் இருக்கட்டும் அண்ணாச்சி. மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?" என்றார். சென்று சொன்னோம். முதலாளியும் பொறுமையுடன் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த லாரியில் அதற்குள் வேறொருவர் அமர்ந்துவிட்டார்.

சென்ற ஆண்டு பழைய காரை விற்றுப் புதியது வாங்கியபோது, அதில் ஒரு கேமரா பொருத்த வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றதன் காரணம் இதுதான். பிறர் குற்றத்தைப் பிடிக்க மட்டுமன்று. எங்கள் குற்றத்தை எங்களுக்கே காட்டவும் ஒரு கண் வேண்டியிருந்தது.

முன்கண்ணாடியில் ஒட்டப்படும் இச்சிறு கேமராவை 'டேஷ் கேம்' என்பர். ரஷ்ய நாட்டில் இது வெகுகாலமாகப் பரவியிருந்ததால்தான், 2013 பிப்ரவரி 15 அன்று செல்யாபின்ஸ்க் நகரின் மேல் விண்கல் வெடித்த காட்சியை உலகமே காண முடிந்தது. நம் நாட்டில் ஹூண்டாய் நிறுவனத்தார் 2022 செப்டம்பரில் வெளிவந்த வென்யூ என்-லைன் வண்டியிலும், 2023 ஜூலையில் வெளிவந்த எக்ஸ்டர் வண்டியிலும் இதனை ஆலையிலேயே பொருத்தித் தந்தனர். கார் வாங்குவோர் இன்று இதைப் பற்றி வினவுவது இயல்பாகிவிட்டது. நம் தூத்துக்குடியிலேயே 2025 ஆகஸ்ட் 4 அன்று வின்பாஸ்ட் கார் ஆலை திறக்கப்பட்டதை எண்ணினால், இது நமக்குத் தொலைவான செய்தியன்று.

எங்கள் வண்டியில் ஆலையிலிருந்தே வந்த கேமரா இல்லை. ஆகவே இரு வழிகள் எங்கள் முன் நின்றன. விற்பனையகத்தார், கார் நிறுவனத்தின் பெயர் பொறித்த கேமரா ஒன்றைக் காட்டி, பொருத்துகூலியுடன் ரூ. 15,500 என்றனர். கடைவீதியிலோ வெளி நிறுவனங்களின் கேமராக்கள் ரூ. 4,000 முதல் கிடைத்தன. விற்பனையகத்தார் சொன்ன முதற் காரணம், வெளியாள் வண்டியின் வயரைத் தொட்டால் உத்தரவாதம் போய்விடும் என்பது. அச்சம் நியாயமானதே, வயரை வெட்டி ஒட்டிய இடத்தில் கோளாறு நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கக்கூடும். ஆனால் வயரை வெட்டாமலே, ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனிக் கிளையாக மின்சாரம் எடுக்கும் முறையும் உண்டு.

இவ்விடத்தில் நம் கரையின் பழைய வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. இங்கு அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. அந்நாளில் கரைக்கு வந்த சிப்பிகளைத் திறவாமலே, ஆயிரம் ஆயிரமாகக் கூறுகட்டி ஏலம் விடுவர். எந்தச் சிப்பியில் முத்து உண்டு என்பதை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். பெயரை மட்டும் பார்த்துக் கருவி வாங்குவதும் அத்தகையதே. நிறுவனத்தின் பெயரில் விற்கப்படும் துணைப்பொருள்களிற் பல வேறு ஆலைகளிற் செய்யப்பட்டு வருபவை. மேலட்டையைப் படித்து ஏலம் கேட்பதினும், சிப்பியைத் திறந்து பார்ப்பது நன்றன்றோ?

ஆகவே இரு கடையிலும் அதே கேள்விகளைக் கேட்டோம். முதலாவது, உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரியா, சூப்பர் கப்பாசிட்டரா? சித்திரை வெயிலில் உப்பளத்தருகே மூடி நிறுத்திய காரின் முன்பலகை 60 பாகை செல்சியசையும் தாண்டும். அவ்வெப்பத்தில் லித்தியம் பேட்டரி உப்பிக் கெடக்கூடும். கப்பாசிட்டரோ அதனினும் நன்றாகத் தாங்கும். இரண்டாவது, இரவில் எதிர்விளக்கின் ஒளியில் வண்டி எண் தெரியுமா? மூன்றாவது, பதிவை நாங்களே எடுத்துக்கொள்ள இயலுமா? இக்கேமராக்கள் அட்டை நிறைந்ததும் பழைய படத்தின் மேல் புதியதை எழுதும். 64 ஜி.பி. அட்டையில் தெளிவான படம் ஏறத்தாழ எட்டு மணி நேரத்துக்கே நிற்கும். விபத்தின் அதிர்ச்சியை உணர்ந்து, அப்பகுதியைத் தனியே பூட்டி வைக்கும் திறன் அதற்கு வேண்டும்.

விற்பனையகத்து இளைஞர் மரியாதையாகவே பேசினார். ஆயினும் இம்மூன்றில் ஒன்றுக்கேனும் அவரிடம் விடையில்லை. வெளிக்கடைக்காரர் மலிவான ஒன்றைத் தாமே ஒதுக்கி, "அது ஒரு கோடை தாங்காது, அண்ணாச்சி" என்றார். கப்பாசிட்டர் உள்ளதும், இரவுப் படம் தெளிந்ததுமான ஒன்றை ரூ. 7,200-க்கு வாங்கினோம். அடிக்கடி அழித்தெழுதுவதைத் தாங்கும் அட்டைக்குத் தனியே பணம் கொடுத்தோம். சாதாரண அட்டை விரைவில் தேய்ந்து, வேண்டிய நாளில் வெறுமையைக் காட்டும்.

பொருத்தும் வேலையை, பதினைந்து ஆண்டுகளாக எங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டோம். முத்துக்குளிப்போர் தம் கயிற்றைப் பிடிக்க மனைவியின் சகோதரனையே அமர்த்துவர் என்பது இக்கரையில் வழங்கும் பேச்சு. கருவியைவிடக் கயிறு பிடிப்பவரே முக்கியம். பக்கத் தூணில் ஏர்பேக் இருப்பதால் அதன் முன்னே வயர் குறுக்கிடாதபடி பின்புறமாக மறைத்து இழுத்தார். வண்டி நிற்கும்போது காரின் மின்கலம் வற்றிவிடாமல், அழுத்தம் 12 வோல்ட்டை ஒட்டித் தாழ்ந்ததும் கேமரா தானே அணையும் இணைப்பையும் வைத்தார். முதல் நாள் படத்தைப் பார்த்தபோது, கண்ணாடியில் தொங்கவிட்ட செபமாலையே சாலையை மறைத்து ஊசலாடிக்கொண்டிருந்தது! அதை எடுத்துக் கியர் அருகே வைத்தோம்.

சட்டத்தையும் விசாரித்தோம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் பிரதியை நீதிமன்றத்தில் அளிப்போர் உரிய சான்றிதழை இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியைப் பதிவை அளிப்பவரும், மற்றொன்றை வல்லுநரும் நிரப்புவர். ஆகவே விபத்து நேர்ந்தால் அட்டையை உடனே கழற்றி, எதையும் வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே பாதுகாப்பது நலம். கைப்பேசியில் அனுப்பப்பட்ட துண்டுப் படம் ஊர் பேச உதவும். வழக்குக்கு அதுமட்டும் போதாது.

இத்தனை முடிந்தபின் எழுந்த தடை நாங்கள் எண்ணாதது. "அப்பா, இது ரோட்டைப் பார்க்கவா, என்னைப் பார்க்கவா?" என்றான் மகன். அவன் முகத்தில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. அன்றிரவு மூவரும் அமர்ந்து பேசி ஓர் உடன்பாடு செய்தோம். ஒலிப்பதிவை நிறுத்திவிட வேண்டும். குடும்பத்தார் வண்டிக்குள் பேசுவது குடும்பத்தார்க்கே உரியது. எதுவும் நேராத நாளில் அட்டையை எவரும் எடுத்துப் பார்க்கலாகாது. ஏதேனும் நேர்ந்தால், வாய் திறந்து வாதாடுமுன் மூவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

ஆலையிலேயே கேமராவுடன் வரும் வண்டியை வாங்குவோர் அதையே வைத்துக்கொள்ளலாம். வயர் கவலை இல்லை, ஒரே இடத்தில் பழுதுபார்க்கலாம். பின்னர்ப் பொருத்துவோர் பெயரை விடுத்து, உள்ளிருப்பதைக் கேட்டறிந்து வாங்குதல் நன்று. எங்களுடையதை வண்டி மாற்றும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஓர் ஆறுதல்.

கடந்த மாதம் சந்தைச் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் பின்பக்கத்தை உரசிற்று. மகன் இறங்கினான், குரலை உயர்த்தவில்லை. "தம்பி, தப்பு என் மேலயா உன் மேலயான்னு பார்த்துட்டுப் பேசுவோம்" என்றான். அவ்வேளையில், தேநீர்க் கடையில் பணத்தை எண்ணாது நின்ற அந்த இளைஞரின் முகம் எங்கள் கண்முன் வந்து போயிற்று.