மீனுக்கும் கீரை வேண்டும்



உங்களில் பலர் வீட்டில் வண்ண மீன் வளர்ப்பதைப் படங்களில் பார்க்கிறேன். கடையில் செக்கச்செவேல் என்றிருந்த கோல்டுஃபிஷ், வீட்டுக்கு வந்த சில மாதங்களில் ஏன் வெளுத்துப்போகிறது? இன்று அதைப் பற்றித்தான். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

மீனின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்குப் பெரும்பாலும் காரணம் கரோட்டினாய்டு என்னும் நிறமிகள். கேரட்டிலும் தக்காளியிலும் இருப்பவையும் இந்தக் குடும்பம்தான். தாவரங்களும் பாசிகளும் இவற்றைத் தாமே தயாரித்துக்கொள்ளும். மீனால் முடியாது, தீனியில் வந்தால்தான் உண்டு. மேய்ந்து திரியும் நாட்டுக்கோழியின் முட்டைக்கரு நல்ல மஞ்சளாக இருக்கிறதே, அதே கதைதான்.

அதனால்தான் நல்ல மீன் தீனிகளில் ஸ்பைருலினா சேர்க்கிறார்கள். தமிழில் சுருள்பாசி. நுண்ணோக்கியில் ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். உலர்ந்த பொடியில் பாதிக்கு மேல் புரதம். கெட்டியான செல் சுவர் இல்லாததால் எளிதில் செரிக்கும். கோல்டுஃபிஷுக்கு இரைப்பையே கிடையாது என்பதால் இது முக்கியம்.

"பச்சைப் பொடி போட்டால் மீன் பச்சையாகிவிடாதா?" என்று கேட்பீர்கள். முருங்கைக்கீரையில் கரோட்டின் பச்சைக்குள் மறைந்திருப்பதைப் போலத்தான் இதிலும். சுருள்பாசியில் உள்ள ஜியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமியை கோல்டுஃபிஷ் தன் உடலில் சிவப்பு நிறமியாக மாற்றிக்கொள்ளும். கென்யாவின் நகுரு ஏரியில் சிறு பூநாரைகள் இந்த இனப் பாசியைத் தின்றுதான் இளஞ்சிவப்பாகின்றன.

சில மாதங்களுக்கு முன் ஒரு பழைய மாணவர் போன் செய்தார். "டீச்சர், பாப்பாவோட மீன் வெளுத்துப்போச்சு. அவ ஸ்கூலுக்குப் போயிருக்கும்போது அதே சைஸ்ல சிவப்பா ஒண்ணு வாங்கி மாத்திடலாம்னு இருக்கேன்."

"வேண்டாம்ப்பா. பேர் வெச்சுக் கூப்பிடுற பிள்ளை. அது நீந்துறதை வெச்சே கண்டுபிடிச்சிடுவா. அப்புறம் நீ எது சொன்னாலும் நம்ப மாட்டா" என்றேன்.

விசாரித்தால், தொட்டி இருந்தது இருட்டு மூலையில். தீனி, கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொடுத்த பழைய உருண்டை. வெளிச்சமும் வெப்பமும் காற்றும் பட்டால் தீனியிலுள்ள நிறமி அழிந்துவிடும். எனவே சின்ன டப்பாவாக வாங்கி, இறுக மூடி வைக்க வேண்டும். தொட்டியை வெளிச்சமான இடத்துக்கு மாற்றி, நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றவும் சொன்னேன். தண்ணீர் கெட்டிருந்தால் எந்தத் தீனியும் பலன் தராது.

பிறகு இந்தச் செய்முறை: தோல் நீக்கி வேகவைத்து மசித்த பச்சைப் பட்டாணி கால் கப். உப்பு கூடாது. அரை கப் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி அகர் அகர் பொடியைக் கொதிக்கவைத்துக் கரைத்து, பட்டாணியைச் சேர்க்கவும். சூடு சற்றுத் தணிந்ததும், உறைவதற்குள், ஒரு தேக்கரண்டி சுருள்பாசிப் பொடியைக் கலக்கவும். தட்டில் ஊற்றி உறைந்ததும் பொடியாக நறுக்கி ஃப்ரீசரில் வைக்கவும். நம் ஊரில் சைனா கிராஸ் என்கிறோமே, அதுதான் அகர் அகர். அதுவும் பாசிதான், மன்னார் வளைகுடாவில் பெண்கள் முழுகிப் பறிக்கும் மரிக்கொழுந்து பாசியிலிருந்தும் எடுக்கிறார்கள். பொடியை அப்படியே தூவினால் தண்ணீர் கலங்கும்.

இதை வாரம் 2 அல்லது 3 நாள் கொடுத்தால் போதும். மற்ற நாள் வழக்கமான நல்ல தீனி. எதுவானாலும் 2 நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான்.

இரண்டு மாதத்தில் அந்த மீனின் முதுகு நன்றாகச் சிவந்தது. வால் மட்டும் வெள்ளையாகவே நின்றுவிட்டது. சில கோல்டுஃபிஷ் வளர வளரப் பிறவிக் குணத்தாலேயே வெள்ளையாகும். அதைத் தீனியால் மாற்ற முடியாது. பாப்பா சொன்னாளாம்: "வெள்ளை வாலு நல்லதுப்பா. எத்தனை மீன் வந்தாலும் என்னோடது எதுன்னு தெரியும்."

இன்னும் சில குறிப்புகள். மோலிக்குப் பாசி மிகவும் பிடிக்கும். ஃபைட்டர் பூச்சி தின்னும் மீன். அதற்குப் பாசி முக்கிய உணவாகாது. தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் படியும் பச்சைப் பாசியைச் சுரண்டாதீர்கள், மீன்கள் கொறிக்கட்டும். உடம்பெல்லாம் கண்ணாடி போலிருந்து, ஓரத்தில் மட்டும் பளீரென்று நீலம், பச்சை, ரோஸ் கோடுள்ள மீன்களைப் பார்த்தால் வாங்காதீர்கள். அது ஊசியில் ஏற்றிய சாயம். அந்தக் காயத்தில் நோய் தொற்றிப் பல மீன்கள் செத்துப்போகும். பிழைத்தாலும் சாயம் சில மாதங்களில் மங்கிவிடும். தீனி தருகிற நிறம் மெதுவாகத்தான் வரும். ஆனால் அது மீனின் சொந்த நிறம்.

உங்கள் வீட்டு மீன் என்ன சாப்பிடுகிறது? கமெண்டில் எழுதுங்கள், பிள்ளைகளைக் கேட்டு எழுதினால் இன்னும் சந்தோஷம்.