சுரம் சரி, பாட்டு எங்கே?

என் பெரியம்மாவுக்கு எண்பத்தொரு வயது. சித்தூரில் தம் வீட்டுத் திண்ணையில் நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். தம் ஆசிரியையிடம் வாய்மொழியாகக் கற்ற 23 பாடல்கள் அவரிடம் உண்டு. சில தமிழ், சில தெலுங்கு. நான் அறிந்தவரை எதுவும் அச்சில் வந்ததில்லை. திருப்பதியில் தங்கி ஆய்வு செய்யும் நான், விடுமுறை நாள்களில் சித்தூருக்குப் பேருந்தேறி, அவற்றை ஒலிப்பதிவு செய்து, லில்லிபாண்ட் என்னும் மென்பொருளில் ஐரோப்பியச் சுரலிபியாக எழுதி வருகிறேன்.

சென்ற மாதம் அவற்றுள் ஒரு பாடலைப் பெங்களூரில் வயலின் கற்கும் அவருடைய பேத்திக்கு அனுப்பினேன். அவள் மேலைமுறை வயலின் பயில்பவள். தாளில் உள்ளதை உள்ளவாறே வாசிப்பாள். கைப்பேசியில் வாசித்தாள். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். இரண்டாம் ஆவர்த்தனத்திலேயே அவர் கை நின்றுவிட்டது. வாசித்து முடித்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சுரமெல்லாம் சரியாத்தான் இருக்கு. பாட்டு எங்கேம்மா?"

குழந்தை பாவம், நான் எழுதியபடியே அவள் வாசித்திருந்தாள். பிழை என்னுடையது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

ஐரோப்பியச் சுரலிபியில் குறுகிய கால அளவுள்ள சுரங்களின் தண்டுகளை ஒரு தடித்த கோட்டால் இணைப்பார்கள். இதற்குப் பீம் என்று பெயர். கூரையைத் தாங்கும் உத்தரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். நம் சுரப்படுத்திய நூல்களில் இரண்டாம் காலச் சுரங்களின் மேல் ஒரு கோடும் மூன்றாம் காலச் சுரங்களின் மேல் இரு கோடுகளும் இடும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். பீமுக்கும் அதே கணக்குத்தான்: கோடு ஒன்று கூடினால் காலம் பாதியாகும். ஆனால் பீமுக்கு மற்றொரு வேலையும் உண்டு. எந்தச் சுரங்கள் ஒரே கொத்தில் சேர்கின்றன, தட்டு எங்கே விழுகிறது என்பதை அது கண்ணுக்குக் காட்டுகிறது. படிப்பவர் கொத்தின் முதற்சுரத்தில் தம்மையறியாமல் சற்று அழுத்தம் தருகிறார்.

அந்தப் பாடல் கண்ட சாபு. ஐந்து எண்ணிக்கை என்பதால் 5/8 என்று காலக்குறி இட்டிருந்தேன். நாம் வேறு சொல்லாவிட்டால் லில்லிபாண்ட் அந்த ஐந்தை மூன்றும் இரண்டுமாகப் பிரித்துப் பீம் கட்டும். கண்ட சாபுவோ இரண்டும் மூன்றும்: தக, தகிட. சுரத்தானமும் கால அளவும் சரியாக இருந்தமையால் மென்பொருள் எவ்வித எச்சரிக்கையும் தரவில்லை. ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் அழுத்தம் மட்டும் ஓர் எண்ணிக்கை தள்ளி விழுந்தது.

இது சிறு வேறுபாடு அன்று. மிச்ர சாபு மூன்றும் நான்கும். அதைத் திருப்பி நான்கும் மூன்றுமாக்கினால் விலோம சாபு. சியாமா சாஸ்திரிகள் (1762–1827) இவ்விரண்டையும் ஆண்ட விதத்தை அறிந்தவர்கள், அதே ஏழு எண்ணிக்கை எப்படி இருவேறு நடைகளாகிறது என்பதையும் அறிவார்கள். மொத்தம் மாறவில்லை, பிரிப்பு மாறியது, தாளமே மாறிவிட்டது.

திருத்தம் எளிது. காலக்குறிக்குக் கீழே அடி அமைப்பை 2, 3 என்று ஒரு வரியில் அறிவித்தால் அங்கிருந்து எல்லாப் பீம்களும் அவ்வாறே அமையும். ஓரிடத்தில் மட்டும் மாற்றம் தேவையானால், கொத்தின் முதற்சுரத்தை அடுத்துத் திறந்த சதுர அடைப்பும் இறுதிச் சுரத்தை அடுத்து மூடிய அடைப்பும் இட வேண்டும். மியூஸ்ஸ்கோரில் எழுதுபவர்கள் காலக்குறியின் பண்புகளுக்குள் சென்று கொத்துகளைப் பிரிக்கலாம்.

எளிதாகாதது அடுத்த கேள்வி. பாடலின் ஒரு சொல் நான்காம் எண்ணிக்கையில் தொடங்கி அடுத்த ஆவர்த்தனத்துக்குள் நீள்கிறது. பீம் தாளத்தைப் பின்பற்ற வேண்டுமா, சொல்லையா? ஐரோப்பாவின் பழைய குரலிசை அச்சுகளில் ஒவ்வோர் அசைக்கும் சுரம் தனித்து நிற்கும். ஓரசை பல சுரங்களில் இழையும் இடத்தில் மட்டுமே பீம் வரும். அம்முறையில் சொல் தெளிவாகத் தெரியும், தட்டு மறைந்துபோகும். இரு வகையிலும் எழுதி, விளக்கி, பெரியம்மாவிடம் காட்டினேன். லிபி தெரியாத அவர் என் விரலைப் பிடித்துத் தாளின்மேல் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கை ஒரு பக்கம் போகும், வாய் ஒரு பக்கம் போகும். ரெண்டும் தெரியணும்." ஆகவே பீமைக் கைக்கும், சுரங்களை வளைத்துத் தழுவும் வளைகோட்டை வாய்க்கும் ஒதுக்கினேன்.

இந்தச் சிக்கலுடன் மல்லாடிய நாள்களில் அ. மு. சின்னசாமி முதலியாரை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். 1892இல் சென்னையிலிருந்து கருநாடக இசையை ஐரோப்பிய லிபியில் வெளியிடத் தொடங்கியவர் அவர். தியாகராஜரின் கீர்த்தனைகளை வாலாஜாபேட்டை வழியினரிடமிருந்து பெற்றார். அன்று வாலாஜாபேட்டையும் சித்தூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. அவர் காலத்தில் பீமைத் தானே கட்டித்தரும் இயந்திரம் இல்லை. ஒவ்வொரு கோட்டையும் மனிதர் ஒருவர் எண்ணிப் பார்த்தே இட வேண்டியிருந்தது. அந்த எண்ணிப் பார்த்தலைத்தான் நான் மென்பொருளிடம் ஒப்படைத்திருந்தேன்.

திருப்பதியில் இருந்துகொண்டு இதை அற்பமென ஒதுக்க இயலாது. அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்கள் பொறித்த செப்பேடுகள் திருமலையில் காக்கப்பட்டன. அவற்றில் பாடல் உண்டு, இராகப் பெயர் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. அதனால் பல சங்கீர்த்தனங்களுக்குப் பிற்காலத்தார் புதிதாக மெட்டமைக்க நேர்ந்தது. எழுதாமல் விட்டதைப் பின்வருபவர் குறையென்றேனும் உணர்வர். பிழைபட எழுதியதை மூலமென்றே நம்புவர்.

23 பாடல்களில் ஏழு சாபு தாளத்தில் உள்ளவை. ஏழையும் மறுபடி எழுதினேன். நேற்று மாலை பேத்தி மீண்டும் வாசித்தாள். பெரியம்மாவின் கை நிற்கவில்லை. மூன்றாம் ஆவர்த்தனத்தில் அவரும் சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டார்.

சுரலிபியில் பணிபுரியும் ஆய்வு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதி முடித்த தாளை இசைவடிவில் ஒலிக்கவிட்டுச் சரிபார்ப்பதோடு நிற்காதீர்கள். அழுத்தம் இடம்மாறியது அந்த ஒலியில் தெரியாது. பாடலை அறியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பாடலை அறிந்த ஒருவரை அருகில் அமர்த்தி, அவர் கையை மட்டும் பாருங்கள்.